பசுவுக்கு என்ன கிடைத்தது?

திருவாரூர் வீதியில் துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று அரசிளங்குமரனின் தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கதையைத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர் எவரும் மறந்திருக்க இயலாது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து கொம்பினால் ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் எடுத்துரைத்த கழுவாய் எதனையும் ஏற்காத மனுநீதிச் சோழன், தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு முறை செய்தான். நீதிக்கு இதனினும் உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை என்று தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் சொல்லப்பட்டு வருகிறது. பாடத்தின் இறுதியில் கேட்கப்படும் வினாக்களும் மன்னனின் நடுவு நிலைமையைப் பற்றியவையாகவே இருக்கும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, கடைசியில அந்தப் பசுவுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டுவிட்டால் ஆசிரியர் சற்றுத் திகைக்கத்தான் செய்வார்.

சேக்கிழார் இவ்வினாவுக்கு விடை வைத்திருக்கிறார். இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் உயிர்ப்பித்தருளியதாகப் பெரிய புராணம் கூறுகிறது. அந்த அருளை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? மகனை இழந்த ஒரு மன்னனும் கன்றை இழந்த ஒரு பசுவும்தாம். தவறு செய்தவன் தண்டிக்கப்பட்டான். இழந்ததோ இழந்தபடியே இருந்தது. தண்டனை என்பது வேறு, ஈடு செய்தல் என்பது வேறு. உலகத்து அரசுகள் முதலாவதை நன்கு கற்றுத் தேர்ந்தன. இரண்டாவதைக் கற்க மிகுந்த காலம் எடுத்துக்கொண்டன. இன்னும் முழுமையாகக் கற்றுவிட்டன எனச் சொல்வதற்கில்லை.

2003ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நிகழ்ந்தது இது. ஐம்பத்தாறு வயதுடைய ஒரு பால்மரத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். தோட்டத்தில் முறைப்படி ஓய்வு பெற்றுவிட்டவர். ஊழியர் சேமநிதியில் வந்த பணம் மூத்த மகளின் திருமணத்திற்கும் மலிவு விலை வீட்டின் முன்பணத்திற்கும் சரியாகப் போய்விட்டது. ஆகவே ஒரு குத்தகைக்காரரிடம் மீண்டும் பால் வெட்டச் சென்றுகொண்டிருந்தார். உளி பிடித்த கைக்கு ஓய்வு என்பது பெயரளவில்தான்.

வளைவில் வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரைத் தூக்கி எறிந்தது. இடுப்பெலும்பும் இடத்தொடை எலும்பும் முறிந்தன. ஓட்டி வந்தவன் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞன். அவன் ஓடி ஒளியவில்லை. அவரைத் தன் மடியில் கிடத்திக்கொண்டு, வண்டி வரும்வரை அழுதபடி இருந்தான். அந்த மோட்டார் சைக்கிளின் சாலை வரி முடிந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. காப்புறுதியும் அதனோடு முடிந்து போயிருந்தது.

அரசாங்க மருத்துவமனை தன் கடமையைக் குறைவறச் செய்தது. எலும்பைச் சேர்த்து, இரும்புத் தகடு வைத்து, ஏழு வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு அக்குடும்பம் செலுத்திய கட்டணம் மிகச் சொற்பம். இழப்பீட்டு நிதி என்று பேசத் தொடங்கும்போது மூன்றாம் வகுப்புப் படுக்கையைப் பலரும் மறந்துவிடுவர். விபத்துக்கு யார் காரணம் என்று கேளாமல், மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு அடிபட்டவரைத் தாங்கும் ஒரு பெருநிதி அது. ஆனால் மருத்துவமனையின் வாசலோடு அந்தத் தாங்குதல் முடிவடைகிறது. இடக்கால் இரண்டு அங்குலம் குறுகிப்போன மனிதர் வீட்டுக்கு வந்தபின் அரிசி வாங்குவது எப்படி என்பது மருத்துவமனையின் வினா அன்று.

அது யாருடைய வினா என்று தேடிப் போனபோதுதான் அக்குடும்பம் சட்டத்தின் பல கதவுகளைக் கண்டது.

முதற்கதவு சொக்சோ. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், தொழிலாளரும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் சந்தாவிலிருந்து இழப்பீடு வழங்குவது. வேலையிடத்தில் அடிபட்டாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டாலும் அது கைகொடுக்கும். வேலை செய்ய இயலாத நாள்களுக்கு நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும்; நிலையான ஊனத்திற்குத் தனியே உதவியுண்டு. யார் மேல் தவறு என்று அது கேட்பதில்லை. ஆனால் அவர் அன்று நடந்தது பால்வெட்டுக்கு அன்று, கோவிலுக்கு. குத்தகைக்காரர் அவர் பெயரில் ஒழுங்காகச் சந்தா கட்டினாரா என்ற கேள்விகூட எழவில்லை. அதே வளைவு, அதே மோட்டார் சைக்கிள், அதே எலும்பு. கிழமை மட்டும் திங்களாக இருந்திருந்தால் கேட்பதற்கேனும் ஓர் இடம் இருந்திருக்கும்.

இரண்டாம் கதவைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருப்பதில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்திற்கும் மூன்றாம் தரப்பினர்க்கான காப்புறுதி கட்டாயம் என்பது இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே அதிலுள்ள ஓட்டை தெரிந்தது. கட்டாயம் என்றால் எல்லாரும் கட்டிவிடுவரா? கட்டாதவன் ஏழையாகவே இருப்பான். அவன்மீது வழக்காடி வென்றாலும் தீர்ப்புத் தாள்தான் கையில் மிஞ்சும். 1937இல் காசல் என்பவரின் தலைமையிலான குழு இக்குறையை ஆராய்ந்து, அடிபட்டவர்க்கு ஈடு கொடுக்க ஒரு பொது நிதி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. போர் குறுக்கிட்டது. 1946இல் காப்புறுதி நிறுவனங்கள் யாவும் கூடி மோட்டார் காப்புறுதியாளர் வாரியத்தை அமைத்து, போக்குவரத்து அமைச்சருடன் உடன்படிக்கை செய்துகொண்டன. அதே அமைப்பைப் பின்பற்றி மேற்கு மலேசியாவிலும் ஒரு வாரியம் உருவாகி, 1968இல் போக்குவரத்து அமைச்சருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பணம் அரசுக் கருவூலத்துப் பணம் அன்று. காப்புறுதி நிறுவனங்கள் போடும் பங்கு. அதாவது, ஒழுங்காகக் காப்புறுதி கட்டுவோர் அனைவரின் சில்லறைக் காசு. கட்டாதவன் செய்த இழப்பைக் கட்டியவர்கள் சேர்ந்து சுமக்கிறார்கள். இது அநியாயம் என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. மொய் எழுதும் வழக்கமுள்ள ஒரு சமுதாயத்திற்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

பட்டணத்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் இவற்றையெல்லாம் அக்குடும்பத்திற்கு விளக்கினார். வழி இருக்கிறது என்று கேட்டதும் மனைவியின் முகம் மலர்ந்தது. ஆனால் வழக்கறிஞர் தொடர்ந்தார். வாரியம் தானாகப் பணம் கொடுத்துவிடாது. முதலில் அந்த இளைஞன்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்கவேண்டும். தவறு அவனுடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவேண்டும். அத்தீர்ப்பின்படி அவனால் செலுத்த இயலவில்லை என்ற பிறகே வாரியம் முன்வரும். கொடுத்தபின் அந்தத் தீர்ப்பின் உரிமையைத் தான் பெற்றுக்கொண்டு அவனிடம் வசூலிக்கவும் முயலலாம்.

"அப்படின்னா அந்தப் புள்ளைய கோர்ட்டுல ஏத்தணுங்களா?" என்று கேட்டார் அடிபட்டவர்.

"ஏத்தினாத்தான் ஐயா வழி பிறக்கும்."

இதற்கிடையில் அந்த இளைஞனின் தாய் மூன்று முறை வீட்டுக்கு வந்து போயிருந்தாள். கணவனை இழந்தவள், பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் துலக்குபவள். வரும்போதெல்லாம் ஒரு பால் டின்னோ நான்கு ஆரஞ்சுப் பழமோ கொண்டு வருவாள். உள்ளே வரமாட்டாள், வாசற்படியில் நின்று, "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே" என்பாள். காப்புறுதியின்றி ஓட்டிய குற்றத்திற்காக மகனுக்கு விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்ட, காதில் கிடந்த தோட்டை அடகு வைத்திருந்தாள். அந்த அபராதம் முழுவதும் கருவூலத்திற்குச் சேர்ந்தது. அடிபட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. மனுநீதிச் சோழனின் வழி இன்றும் மாறாதிருப்பதை இதிற் காணலாம். இளவரசனுக்கு முறை செய்தாயிற்று. பசு மணியடித்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறது.

வழக்கறிஞர் மற்றொன்றையும் மறைக்காமல் சொன்னார். 1984இல் திருத்தப்பட்ட உரிமையியல் சட்டத்தின்படி, விபத்து நிகழ்ந்த நாளில் ஐம்பத்தைந்து வயது நிறைந்தவருக்கு வருமான இழப்பு என்ற கணக்கில் எதுவும் கிடையாது. வலிக்கும் வேதனைக்கும் மருத்துவச் செலவுக்கும் மட்டுமே கேட்கலாம். ஐம்பத்தைந்தோடு உழைப்பு முடிந்துவிடும் என்று அன்று சட்டம் எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும்; அவர்கள் பால் வெட்டுக்குப் போனவர்கள் அல்லர். இவ்வரம்பு 2019ஆம் ஆண்டில் அறுபதாக உயர்த்தப்பட்டது. 2003இல் அடிபட்டவருக்கு அது பதினாறு ஆண்டு பிந்திய செய்தி.

அன்றிரவு அவர் மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவன் வாழ வேண்டிய புள்ளை. எனக்காகக் கடனாளியா திரியணுமா? விடு புள்ள." மனைவி விடவில்லை. அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. கடைசி மகள் ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்பது அவளுடைய சிறுவயது ஆசை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதம் வீட்டில் எதிர்ப்பேச்சு ஏதுமின்றிப் பள்ளிச் சீருடையை மடித்து வைத்துவிட்டு, மின்னியல் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டாள். எந்த நீதிமன்றத்தின் இழப்பீட்டுப் பட்டியலிலும் அந்தச் சீருடைக்கு ஒரு பத்தி இருந்ததில்லை.

வழக்குத் தொடுக்கப்படவில்லை. தொடுக்கச் சட்டம் தந்த ஆறு ஆண்டுத் தவணை 2009இல் முடிந்தது. அந்த இளைஞன் மாதம் ஐம்பது வெள்ளியாகப் பதினொரு மாதம் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. மன்னிக்கத் தெரிந்த மனிதரையும் குறை சொல்லலாகாது. ஆனால் மன்னிக்கும் பண்புக்கும் உண்ணும் சோற்றுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி ஓர் ஏற்பாடு அடிபட்டவரை நிறுத்துமானால், அந்த ஏற்பாட்டைக் குறை சொல்லலாம். அயலான்மீது பழி நாட்டினால்தான் உனக்கு உதவி என்று கூறும் நிதி, பாதி நிதியே.

இதைச் செப்பமாக எண்ணிப் பார்த்த ஒரு நாடு உண்டு. நியூசிலாந்தில் 1966இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்கு ஓவன் உட்ஹவுஸ் என்னும் நீதிபதி தலைமை தாங்கினார். தொழிலாளர் விபத்து இழப்பீட்டை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ கேட்காத கேள்வியையும் சேர்த்துக் கேட்டார். தொழிற்சாலையில் கால் முறிந்தவனுக்கு ஒரு சட்டம். சாலையில் முறிந்தவனுக்கு வேறொரு சட்டம். தன் வீட்டு ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு ஒன்றுமில்லை. முறிந்த கால் ஒன்றேயாக, இந்த வேற்றுமை எதற்கு? தவறு யாருடையது என்று நாட்டி ஈடு பெறும் வழக்காடலைக் கிட்டத்தட்டப் பரிசுச்சீட்டுக்கே ஒப்பிட்டது 1967இல் வெளிவந்த அவரது அறிக்கை. சாட்சி கிடைத்தவன் வெல்வான், கிடைக்காதவன் தோற்பான். அடிபட்டதன் கடுமைக்கும் கிடைக்கும் தொகைக்கும் தொடர்பு இருக்காது. சாலைகளாலும் ஆலைகளாலும் பயன்பெறுவது சமுதாயம் முழுவதும். அவை கேட்கும் காவுக்கும் சமுதாயம் முழுவதுமே பொறுப்பேற்கவேண்டும் என்பது அவர் கருத்து.

1972இல் சட்டமாகி 1974 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அந்நாட்டில் விபத்தில் அடிபட்டவர் இன்னார் மேல் தவறு என்று நாட்டவேண்டியதில்லை. உடற்காயத்திற்காக ஈடு கேட்டு வழக்காடும் உரிமையையே பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மாற்றாகப் பொது நிதியிலிருந்து மருத்துவம், மறுவாழ்வுப் பயிற்சி, உழைப்பவராயின் இழந்த வருமானத்தில் 80 விழுக்காடு. முதலாளிகளும் உழைப்பவரும் செலுத்தும் தீர்வை, வாகனப் பதிவிலும் பெட்ரோலிலும் சேரும் தீர்வை, சம்பாதிக்காதவர்களுக்காக அரசு தரும் வரிப்பணம் ஆகியவற்றால் அந்நிதி நிறைகிறது. நாட்டுக்கு வந்துபோகும் விருந்தாளிக்குக்கூட அங்கே அடிபட்டால் மருத்துவ உதவி உண்டு.

அதையும் குறையற்றதெனக் கொண்டாடிவிட முடியாது. விபத்தால் நடக்க இயலாது போனவருக்கு நிதி உண்டு. நோயால் நடக்க இயலாது போனவருக்கு அந்த நிதி இல்லை. ஒரே தெருவில் இரு சக்கர நாற்காலிகள், இருவேறு வாழ்க்கை. வீட்டுக்குள் உழைக்கும் பெண்ணுக்கு இழந்த சம்பளம் என்று காட்ட ஏதுமில்லையாதலால் வாரப்பணமும் இல்லை. 1992இல் ஊனத்திற்கான மொத்தத் தொகையை நிறுத்திவிட்டுப் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் கொண்டுவந்தார்கள். இருப்பினும், சுங்கை சிப்புட்டுத் தொழிலாளி அந்நாட்டில் அடிபட்டிருந்தால் அவரிடம் கேட்கப்பட்டிருக்கும் முதல் வினா, "எங்கே வலிக்கிறது?" என்பதே. அந்த இளைஞனின் தாய் வாசற்படியில் நிற்க வேண்டியிருந்திருக்காது என்று சொல்ல முடியாது. அவள் அப்போதும் வந்திருப்பாள். உள்ளே வந்து உட்கார்ந்திருப்பாள்.

தவறு செய்தவன் அகப்படாவிட்டால் ஊரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் நேற்றுப் பிறந்ததும் அன்று. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் கல்லெழுத்துச் சட்டத்தில், கள்வன் பிடிபடாதபோது பறிகொடுத்தவனின் இழப்பை அந்த ஊரும் அதன் தலைவனும் ஈடு செய்யவேண்டும் என்ற விதி இருக்கிறது. கொலையுண்டவனின் சுற்றத்தாருக்கு ஒரு மினா எடை வெள்ளி தரவேண்டும் என்பது அதற்கடுத்த விதி. கண்ணுக்குக் கண் என்ற தண்டனைக்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த அரசனிடம் இப்படியொரு விதி இருந்தது வியப்பன்றோ!

மலேசியாவில் கதவுகள் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டுதான் வருகின்றன. 2017இல் சொந்தத் தொழில் புரிவோர்க்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வாடகை வண்டி ஓட்டுநர்களிடமிருந்து தொடங்கியது. 1952ஆம் ஆண்டின் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விடப்பட்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி முதல் சொக்சோவின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கென்றே ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண் வீட்டு அலுவலைக் கவனிக்கையில் அடிபட்டால் உதவி. நியூசிலாந்து நிதி வாரப்பணம் தராது விட்டுவிட்ட அந்த அடுப்படிக்கு இங்கே ஒரு சட்டம் எழுதப்பட்டது என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வகையினருக்கு ஒரு கதவு என்றே கட்டப்படுகிறது. கதவுகள் பெருகப் பெருக, எந்தக் கதவுக்கும் உரியவர் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவரும் இருந்துகொண்டேதான் இருக்கிறார்.

தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய அந்த மகளுக்கு இன்று இரண்டு பிள்ளைகள். தொழிற்சாலையைவிட்டு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்தவர்கள், அவள் எந்தப் பள்ளியில் ஆசிரியை என்று கேட்பதுண்டு. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது அவளுடைய கணவன் இல்லத்தரசிகள் திட்டத்தில் அவளைப் பதிந்துவிட்டு, அதன் விளக்கத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தந்தையார் அருகில் வந்து அமர்ந்தார். எழுபத்தாறு வயதாகிவிட்டது அவருக்கு. மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சமைக்கும்போது தீப்பட்டால் உண்டு. துணி காயப்போடும்போது வழுக்கி விழுந்தால் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரும் வழியிலும் உண்டு.

கிழவர் எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டார்.

"கோயிலுக்குப் போனா?" என்றார்.

மகள் தாளைத் திருப்பி, மறுபக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.